ட்ரில்லா, காலடிக் கணக்கா, கெண்டைக்கால் பலமா: ஓட்டக்காரருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால்

பாளையங்கோட்டையில் விடிகாலை ஐந்தரைக்கு எந்த மைதானத்துக்குப் போனாலும் இரண்டு கூட்டம் தெரியும். ஒன்று, காவலர் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள். ‘காலை நல்லாத் தூக்குலே’ என்ற சத்தத்துக்கு ஏற்ப இருபது மீட்டர் குதித்துக் குதித்துப் போய்த் திரும்புவார்கள். இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவர்கள். அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முட்டுக்குப் பட்டை மாட்டிக்கொண்டு சுற்றி வருவார்கள். பையன்கள் செய்வதைப் பார்த்து, ‘நாமும் அந்த ட்ரில் எல்லாம் செய்தால் முட்டுவலி போகுமோ, வேகம் கூடுமோ’ என்று இவர்களுக்கு ஒரு யோசனை ஓடும்.

வாரம் மூன்று நான்கு நாள் ஓடுகிறவருக்கு அதற்கு மேல் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதைப் போட நான்கு இடங்கள் இருக்கின்றன: ட்ரில் பயிற்சி, நிமிடத்துக்கு வைக்கிற காலடி எண்ணிக்கையைக் கூட்டுவது, பலப் பயிற்சி, பாதம் ஊன்றுகிற முறையையே மாற்றுவது. நான்கையும் ஒரே மாதத்தில் தொடங்குகிறவர்தான் பெரும்பாலும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நான்கிலும் கூடுதல் சுமை போய் இறங்குவது அந்த ஒரே இடத்தில்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நீண்டதூரம் ஓடுகிறவருக்கு அந்த மணி நேரத்தில் பெரும்பங்கு பலப் பயிற்சிக்குப் போக வேண்டும். காலடி எண்ணிக்கையைத் திருத்தத் தனி நேரமே தேவையில்லை, ஓடும்போதே செய்யலாம். ட்ரில்லுக்கு வார்ம் அப்பில் பத்து நிமிடம் போதும். பாதம் ஊன்றுவதை, தகுந்த காரணம் இல்லாமல் தொட வேண்டாம். 100 மீட்டர், 200 மீட்டர் ஓடுகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் ட்ரில் முன்னால் வரும்.

ட்ரில் யாருக்காகப் பிறந்தது

இன்று எல்லா மைதானத்திலும் செய்கிற ஏ ஸ்கிப், பி ஸ்கிப் வரிசையைப் பரப்பியவர் ஜெரார்ட் மாக். போலந்து நாட்டுப் பயிற்சியாளர், பிறகு கனடாவுக்குப் போனவர். அவர் இவற்றை வகுத்தது குறுந்தூர ஓட்டக்காரர்களுக்காக. வேகமாக ஓடத் தேவைப்படும் தசைகளை, வேகமாக ஓடாமலே பலப்படுத்துகிற வழியாகத்தான் அவற்றைப் பயன்படுத்தினார். நடை அழகைத் திருத்துகிற வைத்தியமாக அவை தொடங்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 100 மீட்டர் ஓடுகிறவரின் தொடை ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு வரும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் ஓடுகிறவருக்கு அவ்வளவு உயரம் தூக்கத் தேவையே இல்லை. தூக்கினால் அது வீண்செலவு. அதனால் ‘ஹை நீ (தொடையை உயரத் தூக்கித் தூக்கிப் போகும் ட்ரில்) செய்தால் முட்டு உயர்ந்து ஓட்டம் சீராகும்’ என்பது நீண்டதூரக்காரருக்குப் பொருந்தாது. ஒரு அசைவைத் தனியே பழகினால் அந்த அசைவில்தான் தேர்ச்சி வரும். அது தானாக ஓட்டத்துக்குள் இறங்கிவிடாது.

ஓட்டச் சிக்கனம் என்பதை வண்டியின் மைலேஜ் மாதிரி நினைத்துக்கொள்ளலாம்: ஒரே வேகத்தில் போக எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதுதான் கணக்கு. ஓடி ஓடிப் பழகிய உடம்பு தனக்குச் செலவு குறைந்த எட்டு நீளத்துக்கு, அதாவது ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்துக்குப் பக்கத்தில் தானே வந்து நிற்கும். 1982-ல் கவனா, வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அந்த ஒழுங்கைக் கலைத்துப் புதுப் பாணிக்கு மாற்றினால் மைலேஜ் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். டிரையத்லான் வீரர்களுக்கு 12 வாரம் ‘போஸ்’ என்ற ஓட்டப் பாணியைக் கற்றுக்கொடுத்துப் பார்த்த 2005 ஆய்வில் எட்டு குறுகியது. ஆனால் ஆக்சிஜன் செலவு முன்பைவிடக் கூடிவிட்டது. ட்ரில் வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்டப் போகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அதற்காக ட்ரில் வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. உடம்பைச் சூடாக்கும். கணுக்கால் விறைப்பாகத் தரையைத் தட்டி எழும்பப் பழகும். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து இறுகிய இடுப்பு விரியும். வேக ஓட்டத்துக்கு முன் செய்தால், முதல் ரவுண்டிலேயே தசை பிடிக்கிற ஆபத்தும் குறையும்.

செய்தால் இப்படிச் செய்ய வேண்டும்

பத்து நிமிடம் மெதுவோட்டம் முடிந்து, உடம்பு களைக்காதபோது. மண் அல்லது புல் தரை. சிமெண்டுத் தரை வேண்டாம். ஒவ்வொன்றும் 20 மீட்டர், இரண்டு முறை, நடந்தே திரும்பி வர வேண்டும். ஓடித் திரும்பினால் மூச்சு வாங்கி, அடுத்த முறை அசைவு குலையும்.

முதலில் ஏ மார்ச். நிமிர்ந்த முதுகு, ஒரு தொடை இடுப்பு உயரம், அந்தக் காலின் விரல்கள் மேல்நோக்கி. பாதம் இறங்க வேண்டிய இடம் இடுப்புக்கு நேர் கீழே, ஒரு சாண்கூட முன்னால் போகக் கூடாது. இரண்டு வாரம் நடையாகவே செய்துவிட்டு, அதில் ஒரு சிறு துள்ளல் சேர்த்தால் ஏ ஸ்கிப். அடுத்து கணுக்கால் துள்ளல்: முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்க, கணுக்காலை மட்டும் வைத்துச் சின்னச் சின்னதாகத் தட்டிப் போவது. கடைசியில் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் நான்கு, முழு வேகத்தில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நம் மைதானங்களில் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ட்ரில்லில் விழிப்படைந்த காலை அந்தச் சூட்டோடு உண்மையான ஓட்டத்தில் போட்டால்தான் பழகியதற்குப் பலன்.

தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தொடையைத் தூக்குகிற அவசரத்தில் உடம்பு பின்னால் சாயும். இடுப்பு வளைந்து கீழ்முதுகு பிடிக்கும். பட் கிக் செய்யும்போது தொடையைத் தரையைப் பார்க்க வைத்துக் குதிகாலை மட்டும் பின்னால் அடிப்பார்கள். உண்மையில் குதிகால் பிட்டத்துக்குக் கீழே நேராக மேலேற வேண்டும், தொடையும் கொஞ்சம் முன்னே வர வேண்டும். பி ஸ்கிப்பில் காலை முன்னே நீட்டித் தரையைக் கீறி இழுப்பது தொடைப் பின்தசைக்குக் கடும் வேலை. நாற்பதைத் தாண்டியவருக்கும், அந்தத் தசை ஒருமுறை பிடித்தவருக்கும் அது வேண்டவே வேண்டாம். ஒரு நிமிடம் விடாமல் ஹை நீ செய்ய வைப்பது தண்டனைக்கு உதவும், நுட்பத்துக்கு உதவாது. பதினைந்தாவது வினாடியிலேயே வடிவம் போய்விடும்.

காலடி எண்ணிக்கை: காசில்லாத மருந்து

முட்டுவலிக்காரர்கள் ட்ரில்லில் தேடுவது பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். பாதம் முட்டுக்கு வெகு முன்னால், கால் நீட்டிய நிலையில் ஊன்றினால் ஒவ்வொரு எட்டிலும் உடம்பு தனக்குத் தானே பிரேக் போடுகிறது. அந்த அதிர்ச்சி முதலில் போவது முட்டுக்கு.

எண்ணுவது எளிது. வழக்கமான வேகத்தில் ஓடிக்கொண்டே வலது கால் ஊன்றுவதை 30 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 40 வந்தால் நிமிடத்துக்கு 160 காலடி. அதை 5 விழுக்காடு கூட்டினால் 168, அதாவது 30 வினாடிக்கு 42. கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகத்தில் இது காலடிக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைவதுதான், பார்க்கிறவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஹைடர்ஷைட் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 5 விழுக்காடு கூட்டியபோதே ஒவ்வொரு எட்டிலும் முட்டு உள்வாங்கும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அரை மாரத்தானில் இதனால் ஆயிரம் காலடி கூடுதலாக விழும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றிலும் குறைகிற அளவு அதைவிடப் பெரிது. கணக்கு முட்டுக்கு லாபம்தான்.

வேகத்தை ஏற்றிவிடக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். காலடியைக் கூட்டச் சொன்னால் பாதிப் பேர் வேகமாக ஓட ஆரம்பித்து, ‘மூச்சு வாங்குது, இது சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். போனில் தாளம் தட்டுகிற ஒரு மெட்ரோனோம் செயலி போதும். முதல் வாரம் ஒரு நிமிடம் தாளத்தோடு, ஒரு நிமிடம் தன் போக்கில், இப்படி ஐந்து முறை. வாரம் ஒரு நிமிடமாகத் தாளப் பகுதியை நீட்டினால் ஆறு வாரத்தில் பழகும். முதல் இரண்டு மூன்று வாரம் இதயத்துடிப்பு கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். பழகாத அசைவின் செலவு அது.

எல்லோருக்கும் நிமிடத்துக்கு 180 காலடி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் முன்னணி ஓட்டக்காரர்களின் காலடியை எண்ணிப் பார்த்துச் சொன்னது. போட்டி வேகத்தில் பறக்கிற அவர்களின் எண்ணை, ஏழு நிமிட வேகத்தில் போகிற ஆறடி ஆளுக்குப் பொருத்தினால் அது ஓட்டமாகத் தெரியாது, தத்தளிப்பாகத்தான் தெரியும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, சத்தமில்லாமல் பாதம் வைக்கும் பயிற்சி. ஹாங்காங்கில் 320 புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், இரண்டே வாரத்தில் எட்டு அமர்வுகள் மென்மையாக ஊன்றப் பழகியவர்களில் அடுத்த ஓராண்டில் காயமடைந்தவர்கள் 16 விழுக்காடு, பழகாதவர்களில் 38. ஓட்டத் திருத்தத்துக்கு ஆதரவான வலுவான சான்றுகளில் இது ஒன்று. ஆனால் அதே ஆய்வில், முட்டுவலியும் குதிகால் வலியும் குறைந்தவர்களிடம் கெண்டைக்கால், குதிகால் தசைநாண் கோளாறுகள் கூடியிருந்தன. சுமை மறைந்து போகவில்லை, முட்டிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. அந்தக் கீழ்ப்பகுதியைத் தயார் செய்யாமல் இதைத் தொடங்கினால் ஒரு வலியைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிய கதைதான்.

பலப் பயிற்சி: அந்த மணி நேரத்தின் பெரும்பங்கு இதற்கு

மைலேஜ் கூடுகிறது என்று நன்றாக நிறுவப்பட்டிருப்பது இதற்குத்தான். பின்லாந்தில் 1999-ல் வெளியான ஆய்வில், தேர்ந்த ஓட்டக்காரர்கள் ஒன்பது வாரம் தங்கள் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தாவல், குறுந்தூர வேகம், எடைப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். 5 கிலோமீட்டர் நேரம் ஏறத்தாழ 3 விழுக்காடும், ஆக்சிஜன் செலவு ஏறத்தாழ 8 விழுக்காடும் குறைந்தன. இத்தனைக்கும் அவர்களின் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கூடவே இல்லை. தசையும் நரம்பும் சேர்ந்து சட்டென்று விசை கொடுக்கப் பழகியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். காயங்களைப் பொறுத்தவரை, பல விளையாட்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 தொகுப்பில், பலப் பயிற்சி காயத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. வெறும் தசை நீட்டல் குறிப்பிடும்படி எதுவும் செய்யவில்லை. அந்தத் தொகுப்பில் ஓட்டக்காரர்கள் மட்டும் இல்லை என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், திசையை எடுத்துக்கொள்ளலாம்.

வாரம் இரண்டு நாள், அரை மணி நேரத்துக்குள். ஜிம் கட்டாயமில்லை. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது முதலாவது: ஏற்ற ஒரு வினாடி, இறக்க மூன்று வினாடி, 12 முறை, மூன்று சுற்று. இரண்டு காலில் எளிதானதும் ஒற்றைக் காலில். அதுவும் எளிதானால் தோள்பையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், பிறகு பத்து. ஒரு சுற்றையாவது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் செய்ய வேண்டும். ஓட்டத்தில் அதிகம் உழைக்கும் உள் கெண்டைத் தசைக்கு அப்போதுதான் வேலை போகும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான திண்ணையில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது, காலுக்கு 8 முறை, மூன்று சுற்று. இறங்கும்போது முட்டு உள்பக்கம் சரிந்தால் உயரம் அதிகம் என்று பொருள். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது, பக்கவாட்டு பிளாங்க் (ஒரு பக்கமாகச் சாய்ந்து முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்பது) 30 வினாடி. முடிந்தவர் அரிசிச் சிப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்யலாம். 25 கிலோவுக்கு வீட்டிலேயே இருக்கிற எடை அது. கடைசிச் சுற்றில், இன்னும் இரண்டு மூன்று முறைதான் செய்ய முடியும் என்ற நிலைக்கு வந்தால் எடை சரி. இருபது முப்பது முறை சிரமமில்லாமல் போகிறதென்றால் பலம் ஏறாது.

ஆறு வாரம் கழித்துத் துள்ளலைச் சேர்க்கலாம்: கயிறு தாண்டுதல் 30 வினாடி, நாலு சுற்று. உயரத் தாவல் செய்கிறவர்கள் முதல் மாதம் ஒரு நாளைக்கு 60 தரையிறக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உடம்பு பருத்து வேகம் குறையும் என்ற பயத்துக்கு இடமில்லை. ஓட்டத்தோடு வாரம் இரண்டு அமர்வில் அப்படிப் பருக்காது. உண்மையான குறை வேறு: இடுப்புத் தசை பலமானதால் மட்டும் ஓடுகிற பாணி மாறிவிடாது. எட்டை வெகுதூரம் வீசிப் போடுகிறவர், எவ்வளவு எடை தூக்கினாலும் அப்படியேதான் வீசிப் போடுவார். அதனால்தான் பலமும் காலடி எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாமல் ஜோடியாகின்றன.

மேடும் தேரியும்

நெல்லைச் சமவெளியில் மேடு கிடைப்பதே அரிது. அதிகாலையில் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி ஓடுகிறவர்கள் உண்டு. பஸ் ஓட ஆரம்பித்ததும் அது ஓடுகிற இடமில்லை. குளக்கரையில் ஏறுகிற சரிவு போதும். 8 முதல் 10 வினாடி முழு மூச்சில் ஏற்றம், நடந்து இறக்கம், ஆறு முறை. மேட்டில் பாதத்தை முன்னால் வீச முடியாது, தொடை தானே உயரும். ட்ரில்லும் பலமும் ஒரே இடத்தில் கிடைக்கிற மலிவான வழி இதுதான். இறக்கத்தில் ஓடி இறங்கினால் அந்த லாபத்தை முட்டு வாங்கிக்கொள்ளும்.

திசையன்விளை, உடன்குடிப் பக்கத்தவர்கள் தேரி மணலில், அதாவது செம்மணல் மேடுகளில், ஓடுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று 1998-ல் அளந்திருக்கிறார்கள். நல்ல உழைப்புதான். ஆனால் பாதம் தரையைத் தட்டி எழும்பும் ஸ்பிரிங்கை மணல் விழுங்கிவிடும், குதிகாலும் அமிழும். வாரம் ஒருமுறை 15 நிமிடத்தோடு விடலாம். கெண்டைக்கால் பலப் பயிற்சி செய்த மறுநாள் கண்டிப்பாகக் கூடாது.

பாதம் ஊன்றும் முறை

குதிகாலில் ஊன்றுகிறவரை முன்பாதத்துக்கு மாற்றினால் முட்டுச் சுமை குறையும், கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதைச் சுமக்கும். நடுத்தர வேக ஓட்டக்காரருக்கு இதனால் மைலேஜ் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அட்டை மாதிரி மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாத எலும்பில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது, 2013 ஆய்வில். சின்ன வயதில் வெறுங்காலோடு ஓடியவர்கள்தானே நாம் என்பது சரி. அந்தக் கால் இருபது வருடமாகச் செருப்புக்குள் இருக்கிறது. கரையோரமெல்லாம் சீமைக்கருவேல முள் வேறு.

யாருக்கு எது

காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் ரவுண்டுக்கு 112 வினாடி. இப்போது எட்டரை நிமிடம் ஆகிறவருக்கு ஒரு ரவுண்டு 136 வினாடி. 24 வினாடி இடைவெளியை எந்த ட்ரில்லும் மூடாது. அவருக்கு வேண்டியது வாரம் நாலு நாள் நிதானமான ஓட்டமும் ஒரு நாள் இடைவெளிப் பயிற்சியும் (வேகமாக ஓடி, கொஞ்சம் ஆறி, மறுபடி ஓடுவது). 7 நிமிடம் 10 வினாடியில் நிற்கிறவருக்கு ரவுண்டுக்கு மூன்று வினாடிதான் குறைய வேண்டும். அவருக்கு வாரம் இரண்டு நாள் ட்ரில், ஸ்ட்ரைட்ஸ், மேட்டு ஓட்டம் பலன் தரும். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காலடியையோ பாதத்தையோ மாற்றுகிற வேலை யாருக்கும் கூடாது.

முட்டுவலியோடு அரை மாரத்தானுக்குப் போகிற நடுவயதுக்காரர், பலப் பயிற்சியை நாலு வாரம் முன்னால் தொடங்கிவிட்டு, பிறகு காலடியை 5 விழுக்காடு கூட்டலாம். குதிகால் தசைநாண் ஏற்கெனவே வலிக்கிறவருக்குக் காலடி மாற்றமும் துள்ளலும் இப்போதைக்கு வேண்டாம்; எடையோடு மெதுவான குதிகால் ஏற்றம் மட்டும், அதுவும் படி விளிம்புக்குக் கீழே இறக்காமல் சமதரையில். பத்துக்கு மூன்று அளவு வலி, மறுநாள் காலையில் தணிந்துவிட்டால் தொடரலாம். கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுள்ளென்று வலிக்கிறதா? ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க

மாற்றத்துக்கு முன்னும் எட்டு வாரம் கழித்தும் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள்: பக்கவாட்டில், ஐந்து மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் போனை வைத்து. பாதம் தரையைத் தொடுகிற அந்த ஒரு காட்சியை நிறுத்திப் பார்த்தால் போதும். கணைக்கால் நேராக நின்றால் சரி. பாதம் முழங்காலைத் தாண்டி முன்னே கிடந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

மைலேஜுக்கு, ஒரே 3 கிலோமீட்டர் சமதளப் பாதை, ஒரே வேகம், இதயத்துடிப்பு எவ்வளவு என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை குறித்து வைக்கலாம். அளக்கிற பொழுதும் பருவமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாசியில் எடுத்த அளவைச் சித்திரை வெக்கையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால், ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கும் துடிப்பு கூடியே காட்டும். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று இன்னொரு சிக்கல். அந்த மாதங்களில் ஒரு திசையில் மட்டும் ஓடி அளக்காமல், ஒன்றரை கிலோமீட்டர் எதிர்க்காற்றில் போய், அதே வழியில் திரும்பி வந்து சராசரி எடுங்கள்.